பதினொரு மதி

அத்தியாயம் 12

நாற்பத்தோரு நாளாக சுஜித் அவளை ‘அம்மா’ என்று கூப்பிடவில்லை. அன்று காலை கூப்பிட்டான்.

“அம்மா, சாயங்காலம் உன் ஒப்பு ஒண்ணு வேணும்.”

சரோஜம்மா கையுறைகளைச் சாக்குப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். ஹரித கர்ம சேனையில் அவளுக்கு நூற்றுப் பத்து வீடு. வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் வாங்கி வர வேண்டும். எட்டு மணிக்குள் முதல் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

“கையெழுத்தா? எதுல?”

“ஆஸ்பத்திரி மேல பராதி. யூனியன் ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டேன். நாளைக்குக் காலையில கொடுக்கறேன்.”

சுஜித் நீட்டிய தாளை மகள் அம்பிளி வாங்கி உரக்கப் படித்தாள். மலையாளத்தில் டைப் அடித்திருந்தது. வீட்டில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மட்டாஞ்சேரியில் அவர்கள் சந்திலேயே டிகிரி வாங்கிய முதல் ஆள். அதற்கு மேல் எம்.பி.ஏ. வேறு.

‘எனக்கு மலையாளம் தெரியாது. டாக்டர் கேட்டது புரியாமல் மதி என்று சொல்லிவிட்டேன்.’ கீழே சரோஜம்மாவின் பெயருக்கு மேல் இடம் விட்டிருந்தது.

அந்த ஒரு வார்த்தையில்தான் இந்த வீடு நாற்பத்தோரு நாளாக நின்றுபோயிருக்கிறது. அப்பா காளி, கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி. ரிட்டயராக ஏழு மாதம் இருக்கும்போது பஜார் ரோட்டில், கையில் துடைப்பத்தோடு விழுந்தார். மூன்றாம் நாள் டாக்டர் வெளியே வந்து, “வெண்டிலேட்டர் வைக்கணோ, அதோ இது மதியோ?” என்று கேட்டார். மதி என்றால் மலையாளத்தில் போதும்; வெண்டிலேட்டர் வைக்க வேண்டுமா, இல்லை இது போதுமா என்று கேள்வி. அம்மா “மதி” என்றாள். வெண்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதிய தாளை நர்ஸ் நீட்ட, அம்பிளி கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் நாலரைக்கு அப்பா போய்விட்டார். வைப்பின் தீவில் ஐஸ் பிளாண்டில் வேலை செய்யும் சுஜித் ஜங்கார் படகு பிடித்து வந்து சேர்ந்தபோது மணி ஐந்து.

அன்றிலிருந்து அவன் அம்மா கையால் சாப்பிடுவதில்லை. அம்மா ஒரு வார்த்தை விளக்கம் சொன்னதில்லை. அம்பிளி அழுததில்லை. கொதிக்கிற சாயாவைக் குடித்து நாக்கு வெந்துபோனதே அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

“எனக்கு மலையாளம் தெரியாதாமா?” அம்மா கேட்டாள். “முப்பது வருஷமா இந்த வாயாலதான் இந்த ஊர்ல சண்டை போடறேன். கேட்டா ஊரே சிரிக்கும்டா.”

“சிரிக்கட்டும். நீ சொன்னதாலதானே அப்பாவை விட்டுட்டாங்க? தெரியாம சொன்னேன்னு இருந்தா உனக்குத்தான் நல்லது.”

“தெரிஞ்சு சொல்லியிருந்தா?”

சுஜித் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா எதிர்ப்பக்கம் நடந்தாள்.

தெரிந்து சொன்னவள், தெரியாமல் சொன்னவள். அம்மாவுக்கு இனி இரண்டில் ஒரு பெயர்தான். சாயங்காலத்துக்குள் அது எழுத்தில் ஏறிவிடும். அம்பிளி தாளை மடித்து டிவிக்கு மேல் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆபீஸ் இருக்கும் தேவரையில் இறங்க வேண்டியவள் ஒரு ஸ்டாப் தாண்டி இறங்கித் திரும்பி நடந்தாள். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

*

ஆபீஸ் ஒரு பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில். சந்தை ஆய்வுக் கம்பெனி என்று போர்டு. ஆறு மேஜை, ஒரு ஏ.சி. அம்பிளி சேர்ந்து ஐந்து மாதம். ஆறாவது மாதம் முடியும்போது வேலை நிரந்தரமா இல்லையா என்று ஷைலஜா மேடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

“அம்பிளீ, இங்கே வா.” ஷைலஜாவின் மேஜைமேல், தோசைமாவு சர்வேக்கு முன்னோட்டமாக நிரப்பிய நாற்பது படிவங்கள் பரப்பிக் கிடந்தன. “உங்க மட்டாஞ்சேரியில பெண்ணுங்களுக்கு வேற பேரே கிடையாதா?”

“என்ன மேடம்?”

“நாற்பது வீடு. அதுல பதினொரு பேர் மதி. மதி, மதி, மதி. என்ன மோளே, இது சங்கமா?”

படிவங்களை நிரப்பியவள் பொன்மணி. தேனிப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்த புருஷனோடு எர்ணாகுளத்துக்கு வந்து மூன்று வாரம்தான். தமிழ் பேசும் வீடுகளுக்கு ஆள் வேண்டும் என்று எடுத்திருந்தார்கள். அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“நான் என்னம்மா செய்ய? இருபது கேள்வி கேட்டு முடிச்சுக் கடைசியா உங்க பேரு என்னன்னு கேட்டேன். பாதிப் பேரு சொன்னாளுக. மீதிப் பேரு கையை இப்பிடி ஆட்டிக்கிட்டு, மதி மதின்னாளுக. எங்கூர்ல வளர்மதி, செல்வமதின்னு எத்தனை கிடக்கு. சுருக்கிச் சொல்றாளுக போலன்னு எழுதிட்டேன்.”

“அக்கா, மதின்னா போதும்னு அர்த்தம். போதும், கிளம்புன்னு சொல்லியிருக்காங்க.”

பொன்மணி ஒரு நொடி வாயைப் பிளந்தாள். பிறகு முந்தானையால் பொத்திக்கொண்டாள். “ஐயோ! தொரத்தி விட்டாளுகளா? நான் ரொம்ப நன்றி மதியக்கான்னு கும்பிட்டுல வந்தேன்!”

ஆறு மேஜையும் சிரித்தன. அம்பிளியும் சிரித்தாள். சிரித்தது அவள் வாய்தான். மற்றபடி உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அவள் அந்தப் பதினொரு படிவங்களையும் தனியே எடுத்தாள். ஒன்பதாவது கேள்வி: ‘ஆம்பல் தோசைமாவு உங்களுக்குத் திருப்தியா?’ பதினொன்றிலும் ‘திருப்தி’ கட்டத்தில் டிக்.

“இதை எப்படி டிக் பண்ணீங்க?”

“அவுக ஒண்ணும் குறை சொல்லலியே. குறை சொல்லலன்னா திருப்திதானே?”

அம்பிளி அந்த டிக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திருப்தியாக இருக்கிறவர்கள் எதற்கு வாங்குவதை நிறுத்தினார்கள்? ஆம்பல் கம்பெனிக்கு மட்டாஞ்சேரியில் மூன்று மாதத்தில் விற்பனை பாதியாகிவிட்டது. காரணம் அவர்களே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்: சந்துகளில் பெண்கள் வீட்டில் அரைத்து விற்கிற மாவு. நானூறு வீட்டில் ‘வீட்டு மாவு வாங்குகிறீர்களா, ஆம், இல்லை’ என்று கேட்டு எண்ணிக் கொடுத்தால் போதும் என்றார்கள். எந்தெந்த வீடு என்று ஒரு பட்டியலும் வந்தது. அம்பிளி பிறந்த சந்து அதில் ‘இதர’ என்ற கட்டத்துக்குள் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் அவளுக்கு உச்சந்தலை எரிந்திருக்கும்.

“அஞ்சு மணிக்குள்ளே புரொப்போசல் போகணும்,” என்றாள் ஷைலஜா. “ஆய்வு எந்த டிசைன்னு நீதான் எழுதறே. உன்னோட முதல் புரொப்போசல். டிஸ்கிரிப்டிவ்னு டிக் பண்ணு, நானூறு வீடு, முடிஞ்சுது.”

திரையில் மூன்று கட்டம். எக்ஸ்ப்ளோரேட்டரி. டிஸ்கிரிப்டிவ். காஸல். காலேஜில் இந்தக் கேள்விக்கு மனப்பாடம் பண்ணி எழுதிப் பதினாறுக்குப் பதிமூன்று வாங்கியிருக்கிறாள். அன்று அதில் ஒரு வரி கூடப் புரிந்ததில்லை. என்ன கேட்பது என்றே தெரியாதபோது முதலாவது: உட்கார்ந்து துருவிக் கேட்பது. கேள்வி தெரிந்து, எத்தனை பேர், யார் யார் என்று அளக்க இரண்டாவது. எதனால் எது நடந்தது என்று காட்ட மூன்றாவது. அதற்கு ஒரே மாதிரி இரண்டு இடம் வேண்டும். ஒன்றில் ஒரே ஒரு விஷயத்தை மாற்ற வேண்டும், மற்றதை அப்படியே விட வேண்டும்.

யாரால் அப்பா போனார் என்று சுஜித் கேட்கிறான். அது மூன்றாவது வகைக் கேள்வி. ஆனால் அப்பா ஒருத்தர்தான் இருந்தார்.

“மேடம், அவங்க கேள்வியே தப்பா இருந்தா?”

“கிளையன்ட்டுக்குக் கேள்வி தெரியும், அம்பிளி.”

“பதில் தெரியும்னு நினைக்கறாங்க. கேள்வி தெரியாது. இந்தப் பதினொரு வீட்டுக்கும் நான் ஒரு தடவை போயிட்டு வரேன்.”

“அஞ்சு மணி,” என்றாள் ஷைலஜா, தலையைத் தூக்காமல்.

*

மட்டாஞ்சேரியில் செறளாயிப் பக்கம் முதல் ‘மதி’யின் பெயர் ஸுப்ரியா. தமிழும் பேசுகிற கொங்கணிக்காரி. பொன்மணியைப் பார்த்ததுமே கதவைப் பாதி சாத்தினாள்.

“அய்யோ, பின்னேயும் வந்தாச்சா?”

“கேள்வி ஒண்ணும் இல்ல சேச்சி,” என்றாள் அம்பிளி. “பொன்மணிக்கா, அந்தப் படிவ அட்டையைப் பைக்குள்ள வைங்க. சேச்சி, நீங்க கடைசியா ஆம்பல் மாவு வாங்கின நாள் ஞாபகம் இருக்கா? அன்னைக்கு என்ன நடந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க. கடையிலேர்ந்து ஆரம்பிங்க.”

“அதுல சொல்ல என்ன இருக்கு?” என்று ஆரம்பித்தவள் கால் மணி நேரம் நிறுத்தவில்லை. கடைக்காரன், மழை, மாமியாரின் மூட்டுவலி எல்லாம் வந்தது. அம்பிளி குறுக்கே பேசவில்லை. நடுவில் ஒரு இடத்தில் ஸுப்ரியா எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கொடியிலிருந்து ஒரு கவரைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

“இந்தா பாரு. இதான் அவங்க புதுக் கவர். பழசு சாதாக் கவர், உள்ளே வெளியே திருப்பிப் போட்டு ஒரு தடவை அலசினா போதும். இது உள்ளே வெள்ளித் தகடு மாதிரி. வாயில ஜிப்பு. மூலையில மாவு போய் உக்காந்துக்கும். கை நுழையாது. கழுவினா ஒரு பக்கெட் தண்ணி. ரெண்டு நாள் தொங்கவிட்டாலும் காயாது, எறும்பு வரும், நாத்தம் வேற. எங்க பைப்புல தண்ணி வரதே காலையில ஒரு மணி நேரம்.”

“கழுவாமக் கொடுத்தா?”

ஸுப்ரியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ சரோஜம்மா மோளல்லே? உன் அம்மா எடுப்பாளா? இதே வாசல்ல நின்னு, கழுவிக் காயவெச்சுத் தந்தா எடுக்கறேன், இல்லேன்னா உங்க வீட்டுலேயே வெச்சுக்கோங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனா. கவரை எங்கே கொண்டு போய்ப் போடறது? நான் மாவையே விட்டுட்டேன்.”

பொன்மணி ‘களுக்’கென்று சிரித்தாள். “கம்பெனியைக் கவுத்தது உங்கம்மாதானா தாயி!”

இரண்டாவது வீட்டில் கவரை யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றது மகன் என்றாள் அந்த அம்மாள். எதற்கு வேண்டாம் என்றான் என்று துருவியதில், கவர் கழுவுகிற வேலை அவனுடையது. மூன்றாவது வீட்டில் கவர்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டையாகக் கிடந்தன.

வீட்டு மாவு பற்றி மூன்று பேரும் வாயைத் திறக்கவே இல்லை.

மூன்று வீடு சொன்னதால் அது காரணம் ஆகிவிடாது. அம்பிளிக்கு அது தெரியும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. நானூறு வீட்டுப் படிவத்தில் கவர் என்ற சொல்லே கிடையாது.

சாயாக்கடை வாசலில் நின்று ஷைலஜாவுக்குப் போன் போட்டாள்.

“மேடம், எக்ஸ்ப்ளோரேட்டரி முதல்ல. ரெண்டு வாரம். அப்புறம் எண்ணலாம். அதுக்கும் அப்புறம் ஒரு ஏரியாவுல மட்டும் பழைய கவரைப் போட்டுப் பாக்கச் சொல்லலாம்.”

“கவரா?” ஷைலஜா குரலைத் தாழ்த்தினாள். “அந்தக் கவரை டிசைன் பண்ணது எம்.டி.யோட மோன்.”

“அவர் பிள்ளை பண்ணதாலதான் அவங்க கேள்வியில கவர் இல்ல மேடம்.”

“கிளையன்ட் கத்துவான்.”

“கத்தட்டும்.”

“அந்தப் போனை நீதான் எடுக்கணும்.” ஷைலஜா வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

போனிலேயே புரொப்போசலைத் திறந்து முதல் கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினாள். மணி நாலு ஐம்பது.

பொன்மணி சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “பாரேன் பிள்ள, நான் இருபது கேள்வி கேட்டேன். ஒருத்தியும் இதைச் சொல்லல. நீ ஒண்ணுதான் கேட்ட.”

அம்பிளி கிளாஸைக் கீழே வைத்தாள்.

நாற்பத்தோரு நாளில் அம்மாவிடம் அவள் அந்த ஒன்றைக் கூடக் கேட்டதில்லை. குறை சொல்லவில்லை, அதனால் திருப்தி. மதி என்றாள், அதனால் போதும். டிக் போட்டது பொன்மணி மட்டுமா?

“அக்கா, நான் வீட்டுக்குப் போறேன்.”

*

சுஜித் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஸ்டூலின் மேல் தாள், தாளின் மேல் பேனா. அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு வந்திருந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

“எங்கேடா போடணும்?”

“ஒப்பு போடாதம்மா,” என்றாள் அம்பிளி வாசலில் செருப்போடு நின்று. “ஒரு நிமிஷம்.”

“உனக்கென்ன?” சுஜித் திரும்பவே இல்லை. “நீ ஏற்கெனவே ஒப்பு போட்டவதானே.”

அது போய் எங்கேயோ விழுந்தது. வலிக்கிற இடம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் உள்ளே வந்து தரையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். ‘நீ நிறுத்தச் சொன்னியா?’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். அதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்.

“அம்மா, அன்னைக்கு டாக்டர் கதவைத் திறந்துட்டு வெளிய வந்தாரில்ல? அதுலேர்ந்து சொல்லு. நீ என்ன பாத்த, என்ன நடந்துச்சு, எல்லாத்தையும். நான் குறுக்க பேசல.”

அம்மா பேனாவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

“நீலச் செருப்பு போட்டிருந்தாரு,” என்றாள். “அவர் பின்னால ஒரு தள்ளுவண்டி வந்துச்சு. வழி விடுங்க வழி விடுங்கன்னு. நான் சுவரோரம் ஒதுங்கினேன். டாக்டரும் எங்கூட ஒதுங்கி வந்தாரு. ஏதோ சொல்ல ஆரம்பிச்சாரு. எனக்கு ஒண்ணும் காதுல விழல.”

“ஏன்?”

“நீ கத்திட்டு இருந்தியே. தூண்கிட்ட நின்னு, போன்ல. எங்கடா இருக்க, எங்கடா இருக்கன்னு. அவனும் அந்தப் பக்கம் கத்தறான், எனக்கே கேக்குது. வராந்தாவுல இருந்த அத்தனை பேரும் உன்னையே பாக்கறாங்க. உள்ள உங்க அப்பா கிடக்கறாரு. உன் தொண்டை கிழிஞ்சுடும்போல இருந்துச்சு. நான் உன் பக்கம் திரும்பி, மதின்னேன். மதிடீ, போனை வைன்னேன்.”

அம்மா பேனாவை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“திரும்பிப் பாத்தா டாக்டர் பேச்சை நிறுத்திட்டாரு. சரின்னு தலையாட்டிட்டு உள்ள போயிட்டாரு. அப்புறம் அந்த நர்ஸ் பொண்ணு தாளைக் கொண்டு வந்துச்சு. நீ ஒப்பு போட்ட. நீ படிச்ச பிள்ள, எதுவோ ஆஸ்பத்திரித் தாள்னு நினைச்சேன்.”

சுஜித் நாற்காலியில் முன்னால் நகர்ந்திருந்தான். “அப்போ டாக்டர் கேட்டதுக்கு நீ…”

“அவர் என்ன கேட்டாருன்னே எனக்குத் தெரியாதுடா.”

“அப்படின்னா ஏன் இவ்வளவு நாள் வாயைத் திறக்கல?”

“யாரு கேட்டீங்க?” அம்மாவின் குரல் ஏறவில்லை. “நீ ஏன் சொன்ன, ஏன் சொன்னன்னு கேட்ட. என்ன சொன்னன்னு கேக்கல. இவ அதையும் கேக்கல.”

சந்தில் யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

அன்றைக்குப் போனின் மறுமுனையில் இருந்தவன் சுஜித். ‘எல்லாம் செய்யச் சொல்லு, எல்லாம் செய்யச் சொல்லு’ என்று அவன் கத்தியது அம்பிளியின் ஒரு காதில் விழுந்தது. மற்றக் காதில் டாக்டர் கேட்டது விழுந்தது. உடனே அம்மாவின் ‘மதி’; ‘போனை வை’ என்றது சுஜித்தின் கத்தலில் அமுங்கிப்போனது. டாக்டரின் கேள்வியையும் அந்த ‘மதி’யையும் சேர்த்து முடிச்சுப் போட்டவள் அவள்தான். தாளைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

“உனக்குக் கேட்டுச்சா?” அம்மா அவளைப் பார்த்தாள். “டாக்டர் கேட்டது?”

“கேட்டுச்சும்மா.”

அம்மா பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள். ஸ்டூலை ஓரமாகத் தள்ளினாள். நூற்றுப் பத்து வீடு ஏறி இறங்கிய காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

“அப்போ இப்போ கேளு. அவர் எப்படிக் கேட்டாரோ அப்படியே கேளு. எனக்குப் பதில் சொல்லணும்.”

அம்பிளி வாயைத் திறந்தாள். முதல் வார்த்தை வந்தது. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“வெண்டிலேட்டர்…”

“மதி!” சுஜித் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “மதி. மதி.”

அம்மா மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

“யார்கிட்டடா சொல்ற? அவளை நிறுத்தச் சொல்றியா, இல்ல டாக்டருக்குப் பதில் சொல்றியா?”